நீருக்குள் வளரும் செடிக்குக் கரி உணவு

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியிலுள்ள சித்தன்னவாசல் குடைவரையைக் காணாத அங்கத்தினர் நம்மில் குறைவாகவே இருப்பர். அங்கே அர்த்த மண்டபத்தின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் கருதும் அவ்வோவியத்தில் மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் உள்ளன. மலர் கொய்யும் மனிதரும் உளர். ஓவியன் தீட்டிய இலைகளைக் கூர்ந்து நோக்கினால், அவை நீருக்கு மேலே காற்றில் நிற்பவை என்பது புலப்படும். தாமரையின் வேர் சேற்றில் இருப்பினும் அதன் வாய் காற்றில் இருக்கிறது. ஆகவே அதற்கு உணவுக் குறை இல்லை. நீருக்குள்ளேயே முழுதும் மூழ்கி வாழும் செடிகளின் நிலையோ வேறு. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

கண்ணாடித் தொட்டிகளில் அழகுமீன்களுடன் நீர்ச்செடிகளையும் வளர்க்கும் வழக்கம் நகரங்களில் பெருகியிருக்கிறது. சென்னையிலுள்ள கொளத்தூர் இவ்வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே விலை போகும் செடிகளில் பலவற்றின் இனத்தார் நம் ஜில்லாவின் கண்மாய்களிலும் வயல் வரப்புகளிலும் கேட்பாரற்று வளர்கின்றனர். கொட்டிக்கிழங்கு, அல்லி, ஆரைக்கீரை, நீர்ப்பிரமி, ஹைட்ரில்லாப் பாசி ஆகியவை நாமறிந்தவை. இவற்றை உபதொழிலாக வளர்க்கலாமா என்றும், "செடிக்குக் காஸ் கொடுக்க வேண்டும்" என்று கடைக்காரர்கள் சொல்வது மெய்தானா, அதற்குச் சிலிண்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றும் அங்கத்தினர் சிலர் கேட்டிருக்கிறார்கள். கடன் வாங்கிச் சிலிண்டர் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நலம்.

செடியின் உலர்ந்த உடலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கரியே ஆகும். அக்கரி மண்ணிலிருந்து வருவதன்று. காற்றிலுள்ள கரியமிலவாயுவிலிருந்து வருவது. ஜினீவா நகரத்துப் பாதிரியாரான ஷான் செனெபியே 1782-இல் இதற்கு வழிகாட்டிய பரிசோதனையைச் செய்தார். நமக்கு விசேஷம் என்னவென்றால், அவர் அதை நீரில் மூழ்கிய இலைகளைக் கொண்டே செய்தார் என்பது. கரியமிலவாயு கரைந்த நீரில் வெயில் பட்ட இலை பிராணவாயுக் குமிழிகளை விட்டது. காய்ச்சி வாயுவை வெளியேற்றிய நீரில் விடவில்லை.

இதை நம் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் காய்ச்சி ஆறிய நீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஹைட்ரில்லாத் தண்டு ஒன்றை வெட்டு முனை மேலே இருக்குமாறு தலைகீழாக வைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் சர்க்கரை சேராத கோலி சோடாவை ஒரு மேசைக் கரண்டி விட வேண்டும். இரண்டையும் காலை வெயிலில் வைத்துக் குமிழிகளை எண்ணிப் பார்த்தால், எந்தத் தம்ளரில் செடி உண்கிறது, எதில் பட்டினி கிடக்கிறது என்பது கால் மணி நேரத்தில் விளங்கும். பள்ளிப் பிள்ளைகளையும் உடன் வைத்துக் கொள்ளலாம். எண்ணுவதில் அவர்கள் நம்மைவிடப் பொறுமைசாலிகள்.

நீருக்குள் பட்டினி ஏன் வருகிறது? காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 420 பங்கு கரியமிலவாயு இருக்கிறது. அக்காற்றுடன் சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவே அது கரைந்திருக்கும். மேலும், காற்றில் பரவுவதைவிட நீரில் அவ்வாயு ஏறக்குறையப் பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையைச் சுற்றி அசையாது நிற்கும் நீர்ப்படலத்தில் உள்ளதைச் செடி உண்டு முடித்துவிட்டால், அடுத்த கவளம் வந்து சேர வெகு நேரமாகும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 70 லிட்டர் நீர் கொள்ளும். அதில் ஒரு சமயத்தில் கரைந்திருக்கும் வாயு 40 மில்லிகிராம் அளவே. அதிலுள்ள கரி முழுவதையும் செடி எடுத்துக் கொண்டாலும் கால் கிராமுக்குச் சிறிது அதிகமான பச்சை இலைதான் உண்டாகும். வெளிச்சத்தை இரட்டித்துப் பயனில்லாமற் போவது இதனால்தான். பாவு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஊடை நூல் இல்லாமல் துணி வளராது அல்லவா? உண்ணப்படாத வெளிச்சத்தைக் கண்ணாடியில் படரும் வழுவழுப்பான பாசி எடுத்துக் கொள்கிறது.

முதலில் தண்ணீரை அறிக

காஸ் வாங்குவதற்கு முன் அறிய வேண்டியது நம் கிணற்று நீரின் தன்மை. நூலுக்குச் சாயமேற்றும் அங்கத்தினர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; எந்தக் கிணற்று நீரில் சாயம் ஒழுங்காக ஏறும், எதில் திட்டுத் திட்டாக நிற்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத, காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் விடும் நீரே கடின நீர். அப்படலமாக வந்து படிவது, நீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருந்த சுண்ணாம்பு. அந்தப் பைகார்பனேட்டிலும் கரி இருக்கிறது. காரத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கணக்கிடப்படும் நீரில் 24 மில்லிகிராம் கரி அவ்வுருவில் அடங்கியிருக்கிறது. செடி அதில் பாதியைத்தான் எடுக்க இயலும். மற்றப் பாதி சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடும். பாதியானாலும், கரைந்த வாயுவில் உள்ள கரியைப்போல் அது பல மடங்கு.

ஆனால் இந்தப் பண்டத்தைத் திறக்கும் சாவி எல்லாச் செடிகளிடமும் இல்லை. ஹைட்ரில்லாவிடம் உண்டு, நாடாப்போல் நீண்ட இலையுடைய வாலிஸ்னேரியாவிடமும் உண்டு. கோடையில் கண்மாயில் இறங்கிப் பாசியைக் கையில் எடுத்தால் சில சமயம் மணல் ஒட்டியதுபோல் நறநறவென்றிருக்கும். அது மணல் அன்று; பைகார்பனேட்டைத் தின்றுவிட்டு இலை வெளியே துப்பிய சுண்ணாம்பு. நீரில் வளரும் பாசங்களோ இதைச் செய்ய அறியா. அவற்றுக்குக் கரைந்த வாயு ஒன்றே உணவு. கபோம்பா என்னும் அமெரிக்கச் செடியும் பெரும்பாலும் அதையே நம்பியிருக்கிறது. சிவந்த இலையழகுக்காக நகரத்தார் விரும்பி வாங்கும் செடிகளிற் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

எனவே கடின நீர் உள்ள கிணற்றுக்காரர் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவற்றை வளர்ப்பதாயிருந்தால் காஸுக்காக ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் நீர் மெல்ல அசைவதும் போதும். மென்மையான மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த நீரில் நிலத்தடியிலிருந்து ஏறிய கரியமிலவாயு மிகுதியாக இருப்பதும் உண்டு. காலையில் தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றினால் அன்றைக்குச் செடிகள் குமிழி விடுவதைக் காணலாம். ஆயினும் திறந்து வைத்தால் அவ்வாயு சில மணி நேரத்தில் பறந்துவிடும்.

வண்டல், சர்க்கரை, சிலிண்டர்

மூழ்கிய செடிக்குக் கரி தரும் வழிகளில் மிகப் பழையதும் மிகச் சிக்கனமானதும் மண்தான். மக்கும் பொருள் கலந்த மண்ணைத் தொட்டியின் அடியில் ஓரங்குல கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் ஓரங்குலம் கழுவிய பருமணலை இட்டுவிட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மக்கை உண்டு கரியமிலவாயுவை இடைவிடாது வெளிவிடும். கண்மாயின் அடியில் இயற்கை செய்வதும் இதையேதான். டயானா வால்ஸ்டாட் என்னும் அமெரிக்க அம்மையார் 1999-இல் எழுதிய நூலால் இம்முறை உலகெங்கும் பரவியது. நமக்கு வண்டலும் செடிக்கேற்ற வண்டலும் புதிதல்ல. அனுமதி பெற்று எடுத்த கண்மாய் வண்டலுடன் நன்றாக மக்கிய இலை உரத்தைக் கால் பங்குக்கு மேற்போகாமல் சேர்க்கலாம். பச்சைச் சாணம் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் அம்மோனியா மீனைக் கொல்லும். மண் கனமாகிவிட்டால் காற்றோட்டம் அற்று, அழுகிய முட்டை நாற்றம் எழும், அதுவும் ஆபத்து. செடிகளை நட்டபின் சில வாரங்கள் மீன் விடாமல், நீரை அடிக்கடி மாற்றி வருவது அவசியம். இம்முறையின் குறை, வாயுவின் அளவு நம் கையில் இல்லை என்பதே.

அடுத்தது சர்க்கரையும் ஈஸ்டும். பதநீர் இறக்கும் கலயத்தில் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது ஏன் என்று நம் பனையேறிகளைக் கேட்டால் சொல்வார்கள்: தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகி நுரை கட்டும். அந்நுரையில் இருப்பது கரியமிலவாயுவே. இரண்டு லிட்டர் கொள்ளும் புட்டியில் ஒரு லிட்டர் நீரும் 200 கிராம் சர்க்கரையும் இட்டு, கால் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்த்து, மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயைச் செருகி ஒட்டிவிட்டால் வாயு வரத் தொடங்கும். சர்க்கரை முழுதும் புளித்தால் அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல், அதாவது நூறு கிராம் வாயு, மொத்தத்தில் கிடைக்கும். குழாய் நேரே தொட்டிக்குச் செல்லாமல் நடுவே நீருள்ள சிறு புட்டி ஒன்றின் வழியாகச் செல்ல வேண்டும். இல்லையேல் நுரை பொங்கித் தொட்டிக்குள் வழிந்துவிடும். குழாய் அடைபட்டால் புட்டி வெடிக்கும் என்பதையும் மறத்தலாகாது. குளிர்ந்த நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகள் புட்டி மூன்று வாரம் வரும் என்று கூறும். நம் சித்திரை வெயிலில் அவ்வளவு நாள் எதிர்பார்க்கலாகாது. தொடக்கத்தில் வேகமாக வந்து, பின் திடீரெனத் தளர்ந்துவிடும். வாயுவின் அளவு இப்படி ஏறி இறங்குவதைச் செடி விரும்புவதில்லை, பாசி விரும்புகிறது.

இம்முறையில் நான் பட்ட அனுபவத்தையும் கூறிவிடுகிறேன். ஒரு கோடையில், ஒரு புட்டி போதாது என்று இரண்டைப் பொருத்தினேன். புட்டிக்கு இரவு பகல் தெரியாது. இருட்டிலும் வாயு வந்து கொண்டேயிருக்கும். இருட்டில் செடி அதை உண்பதில்லை. மாறாக, மீனைப்போல் தானும் சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவழிக்கும். இரவில் காற்றுப் பம்பை ஓட்டிச் சமாளித்து வந்தேன். ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோனதை அறியாமல் உறங்கிவிட்டேன். விடியற்காலையில் மீன்களெல்லாம் நீர் மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. ஆறு மீன்கள் அடியில் கிடந்தன. செடிகள் மட்டும் வெகு செழிப்பாக இருந்தன.

ஆப்பசோடாவுடன், கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து வாயு எடுப்பதும் உண்டு. இரண்டும் 200 கிராம் வீதம் இட்டால் நூறு கிராமுக்குச் சற்று மேல் வாயு வரும். சர்க்கரையைவிட அடக்கி ஆளலாம்; இரவில் திருகை மூடி நிறுத்தவும் முடியும். ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் உறுதியான கலம் வேண்டும். சாதாரணப் புட்டியில் செய்யலாகாது.

இனி, சிலிண்டர். அளவு தவறாமல், வேண்டிய நேரத்தில் திறந்து மூடக்கூடிய வாயுவுக்கு இதற்கு நிகரில்லை. பல தொட்டிகளில் விலையுயர்ந்த செடிகளை வளர்ப்பவருக்கு இதுவே முடிவில் சிக்கனம். ஆனால் நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உள. சிலிண்டருக்குள் கரியமிலவாயு திரவமாக இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் அறுபது மடங்குக்கு மேல். 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாக இருக்க இயலாது. அதன்பின் வெப்பம் ஏறஏற, நிரம்பிய சிலிண்டரில் அழுத்தம் வெகு வேகமாக உயரும். புதுக்கோட்டைக் கோடையில் நண்பகலில் 31 டிகிரிக்குக் குறைவான நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே அளவுக்கு மேல் நிரப்பாத, காலக்கெடுவுக்குள் அழுத்தச் சோதனை முத்திரை பெற்ற சிலிண்டரையே வாங்க வேண்டும். ஓட்டுச் சாய்ப்பின் கீழும் வெயிலிலும் வைக்கலாகாது.

இரண்டாவது எச்சரிக்கை நெசவாளர்களுக்கு. கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தை நாடும். இரண்டு கிலோ கொள்ளும் சிறு சிலிண்டர் முழுதும் கசிந்தால் ஒரு கன மீட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். குழித்தறியின் குழி அவ்வளவு பெரியதன்று. மூடிய அறையில் இரவெல்லாம் கசிந்த வாயு குழியில் தேங்கி நிற்க, விடிந்ததும் ஒருவர் அதில் காலை இறக்கி அமர்ந்து, அறுந்த இழையைப் பிணைக்கக் குனிந்தாரானால் நிலைமை என்னவாகும்? அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழித்தறி உள்ள அறையில் சிலிண்டரை வைக்கவே கூடாது. குழந்தைகள் தரையில் படுத்துறங்கும் அறையிலும் அப்படியே. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்; அவருக்குத் தறி தெரியாது.

"திரவக் கரி" என்று சீசாவில் விற்கும் ஒன்றும் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை குளூட்டரால்டிஹைடு என்னும் பொருளின் கரைசல். ஆஸ்பத்திரிகளில் கருவிகளின் கிருமியைப் போக்க உபயோகிப்பதும் அதுவேதான். பாசியை அது அழிக்கும் என்பது உண்மை. செடிக்கு உணவாகும் என்பதை நான் பெரிதாக மதிப்பதில்லை. வாலிஸ்னேரியா அதனால் கரைந்து போவதுண்டு. அளவு மிஞ்சினால் மீனுக்கும், கையில் பட்டால் நமக்கும் தீங்கு. பணத்தைச் சேமிக்க விரும்புவோர் முதலில் இதைத்தான் கைவிட வேண்டும்.

எம்முறையில் வாயுவைக் கொடுத்தாலும், லிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரையில் இருப்பது நன்று. அதற்கு மேல் மீன் திணறத் தொடங்கும். இதை அளப்பது கடினமன்று. காரத்தன்மை லிட்டருக்கு 70 மில்லிகிராம் அளவுள்ள நீரில் பி.எச். 7.0 என்றால் வாயு 12 மில்லிகிராம், 6.8 என்றால் 19; 6.6 என்றால் 30. இலைச்சாறு இறங்கிப் பழுப்பேறிய நீரில் இக்கணக்குப் பொய்த்துவிடும். அளவறிந்த கார நீரில் நிறமூட்டி கலந்து தொட்டிக்குள் தொங்கவிடும் சிறு கண்ணாடிக் குமிழும் கிடைக்கிறது. நீலம் குறைவு, பச்சை சரி, மஞ்சள் மிகை. விளக்கணைக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே வாயுவை நிறுத்திவிட வேண்டும். பகலில் காற்றுப் பம்பை ஓட்டினால் கொடுத்த வாயு வீணே வெளியேறும். இரவில் ஓட்டினால் அதே காரியம் மீனைக் காக்கும்.

விற்பனைக்கு வளர்ப்போருக்கு

இதுவரை கூறியது தொட்டி வைத்திருப்பவருக்கு. செடியை விளைவித்து விற்க எண்ணும் அங்கத்தினருக்கு இவற்றில் பெரும்பாலானவை வேண்டியதேயில்லை. தொட்டிச் செடிகளாக விலை போவனவற்றிற் பல, உண்மையில் கரையோரச் செடிகள். வெள்ளம் வந்தால் மூழ்கியும், வடிந்தால் காற்றிலும் வாழப் பழகியவை. நீர்ப்பிரமியை நம் வயல் வரப்பில் பார்த்தவர்க்கு இது தெரியும். வேரும் அடித்தண்டும் மட்டும் ஈரத்தில் இருக்க, இலைகள் காற்றில் நிற்குமாறு அவற்றை வளர்த்தால், கரிப் பஞ்சம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. காற்று கேட்காமலே கொடுக்கும். அதற்கு ரசீதும் கிடையாது. உலகத்தில் பெரிய அளவில் நீர்ச்செடி விளைவிக்கும் பண்ணைகள் பலவும் இவ்வாறே செய்கின்றன.

நாற்றங்கால் போடத் தெரிந்தவருக்கு இது புதுக் கலையன்று. ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டியிலோ, பாலிதீன் விரித்த பாத்தியிலோ நாலங்குலம் வண்டல் கலந்த மண்ணிட்டு, மண் மேல் விரற்கடை அளவு நீர் நிற்குமாறு வைத்து, நுனித் தண்டுகளை நட வேண்டும். மேலே நிழல் வலை கட்டுவது அவசியம். காற்றின் ஈரம் குறைந்தால் இளந்தண்டு வாடிவிடுமாதலால், முதல் பத்து நாள் காலை மாலை நீர் தெளித்து, பாலிதீன் தாளால் மூடி வைப்பது நல்லது. இவ்வாறு வளர்ந்த செடியில் நத்தையும் பாசியும் குறைவு; வேர் உறுதி; ஈரத் தாளில் சுற்றி ரயிலில் அனுப்பினாலும் தாங்கும். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, கபோம்பா ஆகியவை இம்முறைக்கு ஒத்துவராதவை. அவற்றை நீருக்குள்தான் வளர்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் வாங்குவோரிடம் முன்னதாகவே சொல்லி வைப்பது உசிதம். காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் நெடுநாள் நிற்காது. தொட்டியில் நட்ட இரண்டு மூன்று வாரங்களில் அது மஞ்சளித்து உதிரும். அதே தண்டிலிருந்து மெல்லிய புது இலைகள், நீருக்கென்றே அமைந்தவை, துளிர்க்கும். இதை அறியாதவர் செடி செத்ததென்று பணத்தைத் திருப்பிக் கேட்பார். உதிரும் இலைகளை அவ்வப்போது கிள்ளி எடுத்துவிட்டு, அந்த மூன்று வாரங்களுக்கு மட்டுமாவது கரியமிலவாயு கொடுத்து வந்தால் மாற்றம் விரைவில் முடியும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு கட்டுடனும் வைத்து அனுப்பலாம். கழித்த செடிகளை, முக்கியமாகக் கபோம்பா போன்ற வெளிநாட்டுச் செடிகளை, கண்மாயிலோ வாய்க்காலிலோ எறியாமல் வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இட வேண்டும்; மதகை அடைத்துக் கொண்டபின் அவற்றை வெளியேற்றுவது எளிதன்று.